தலையை அழுத்தாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்

கேள்வி: நான் நர்சிங் கல்லூரி மாணவி. மகப்பேறு பயிற்சிக்காக ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் இருக்கிறேன். சிசேரியன் ஆகி இரண்டாம் நாளில் இருந்த ஓர் இளம் தாய்க்குப் பால் கொடுக்க உதவச் சொன்னார்கள். குழந்தையின் தலையைப் பிடித்து மார்போடு அழுத்தினேன். அது முதுகை வளைத்துக்கொண்டு கத்தியது. தாயும் அழுதுவிட்டார். அவருடைய மாமியார், "பால் சுத்தமாக ஊறவில்லை, பவுடர் வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? பிள்ளை பெற்றால்தானே தெரியும்" என்றார். பாடப்புத்தகத்தில் படித்த எதுவும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. பணியில் இருந்த சிஸ்டருக்கு நின்று பேசவும் நேரமில்லை. மாணவியாகிய நான் இந்தத் தாய்மார்களுக்கு உண்மையில் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையச் செய்ய முடியும். முதல் வேலையாகக் குழந்தையின் பின்தலையிலிருந்து கையை எடுங்கள். பிறந்த குழந்தையின் பின்தலையை யார் அழுத்தினாலும் அது தலையைப் பின்னுக்குத் தள்ளும், முதுகை வளைக்கும். பிடிவாதம் என்றோ பால் வேண்டாம் என்கிறது என்றோ அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மூக்கும் வாயும் அடைபடும்போது உடல் தானாகக் காட்டும் எதிர்ப்பு அது. சில முறை அப்படி அழுத்தப்பட்ட குழந்தை, மார்பருகே கொண்டுபோனாலே அழத் தொடங்கிவிடும். தோளுக்கும் பிடரிக்கும் மட்டும் தாங்கல் கொடுத்து, தலை லேசாகப் பின்னால் சாய இடம் விடுங்கள். சொம்பை அண்ணாந்து தண்ணீர் குடிப்பவரின் தொண்டையைக் கவனித்திருப்பீர்கள். முகவாயை நெஞ்சில் முட்டிக்கொண்டு யாரால் விழுங்க முடியும்? குழந்தைக்கும் அதே கணக்குதான்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அந்த வார்டில் யாரிடமும் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஒரு தாயின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார உங்களால் முடியும். ஸ்டாஃப் நர்ஸுக்கு ஊசி, டிரிப், கேஸ் ஷீட், புதிதாக வரும் அட்மிஷன் என்று ஓட்டம் நிற்பதே இல்லை. மருத்துவர் ரவுண்ட்ஸில் ஒரு கட்டிலின் முன் நிற்பது சில நிமிடங்கள். அவர்கள் இருவரும் "பால் கொடுத்தீர்களா?" என்று கேட்பார்கள், தாயும் "கொடுத்தேன்" என்பார், கேஸ் ஷீட்டில் அது ஏறிவிடும். குழந்தை கவ்வியதா, விழுங்கியதா, தானாக விட்டதா என்று ஆரம்பம் முதல் முடிவு வரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பார்க்கும் ஆளாக நீங்கள் இருங்கள். ஒரு ஷிப்டில் வார்டு முழுவதும் சுற்றி எல்லோரிடமும் அறிவுரை சொல்வதைவிட, இரண்டு தாய்மார்கள் பால் கொடுத்து முடிக்கும்வரை உடனிருப்பது மேல் என்றே என் மாணவிகளிடம் சொல்லி வருகிறேன்.

உட்காருவதற்கு முன் அனுமதி கேளுங்கள். "நான் பயிற்சி மாணவி. நீங்கள் பால் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்கலாமா?" என்று கேட்டால் போதும். திரை இருந்தால் இழுத்து விடுங்கள். திரை இல்லாத வார்டில், வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து ஒரு துப்பட்டாவைத் தோளில் போட்டுவிடுங்கள். ஆண் பார்வையாளர்கள் நடமாடும் நேரத்தில் கூச்சத்தோடு அவசரமாகக் கொடுக்கும் தாய்க்குப் பால் இறங்கவே தாமதமாகும். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டினை நீங்கள் படித்திருப்பீர்கள். சுரந்த பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் பதற்றத்திலும் வலியிலும் தற்காலிகமாகத் தடைபடும். திரையை இழுத்துவிடுவதும் ஒரு சிகிச்சைதான்.

சிசேரியன் தாயின் சிரமங்கள் தனி. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே இத்தகைய தாய்மார்களை நீங்கள் அன்றாடம் பார்ப்பீர்கள். அதே ஆய்வில், மருத்துவமனையில் நடக்கும் பிரசவங்கள் கிட்டத்தட்ட 100 சதவீதம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளோ சுமார் 60 சதவீதம்தான். பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளும் நம் கண்ணெதிரே பிறந்தும் இவ்வளவு பேருக்கு அந்த முதல் மணி நேரம் தவறிப்போகிறது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

அந்தத் தாயின் கட்டிலருகே நின்று கவனித்துப் பாருங்கள். இடது புறங்கையில் ஊசி குத்தி பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். அந்தக் கையை மடக்கினால் வலிக்கும், டிரிப் நின்றுவிடுமோ என்ற பயமும் இருக்கும். தையலின் மேல் குழந்தையின் கால் உதைபடும் என்று வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டிருப்பார். முதுகுக்குச் சாய்மானம் இருக்காது. குழந்தையை நோக்கிக் குனிந்து குனிந்து தோள்பட்டை இறுகியிருக்கும். இந்த நிலையில் "சரியாகப் பிடித்துக் கொடு" என்றால் எப்படிக் கொடுப்பார்? முதலில் வலி மருந்து போட்டாயிற்றா என்று பாருங்கள், நேரம் கடந்திருந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். பாராசிட்டமால் போன்ற வழக்கமான வலி மருந்துகள் பால் கொடுப்பதற்குத் தடையில்லை. முதுகுக்குத் தலையணை வையுங்கள், தலையணை கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து வந்த பழைய புடவைகளை மடித்து வைத்தாலும் சரி. குழந்தையைக் கக்கத்துக்கு அடியில், கால்கள் தாயின் முதுகுப் பக்கம் போகும்படி இடுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். தையலில் பாரம் விழாது, தாய்க்குக் குழந்தையின் முகமும் நன்றாகத் தெரியும். உட்கார முடியாதவருக்கு ஒருக்களித்துப் படுத்த நிலை. மல்லாந்து படுத்தே இருக்க வேண்டிய முதல் சில மணி நேரத்தில்கூட, நீங்கள் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டால், குழந்தையை மார்பின் குறுக்கே கிடத்திப் பால் கொடுக்கலாம்.

குழந்தை எந்த நிலையில் இருந்தாலும் காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், உடல் முழுவதும் தாயை நோக்கித் திரும்பி ஒட்டியிருக்க வேண்டும். காம்பு குழந்தையின் மூக்குக்கு நேரே வரட்டும். அது மேலுதட்டைத் தொட்டதும் குழந்தை தேடும், வாயைத் திறக்கும். கொஞ்சம் திறந்தவுடன் அவசரப்பட வேண்டாம். கொட்டாவி விடும் அளவுக்குத் திறக்கும்வரை காத்திருந்து, அந்த நொடியில் முகவாய் முதலில் படும்படி குழந்தையை மார்பிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோனால் தாயின் முதுகுதான் நோகும்.

கவ்வியிருப்பது சரியா என்று பார்க்க நான்கு இடங்கள் உண்டு. வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளிப்புறம் மடங்கியிருக்கிறதா, முகவாய் மார்பில் படிந்திருக்கிறதா, காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் வாய்க்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிகிறதா. இவை உங்கள் பாடத்தில் இருப்பவை. தேர்வுக்கு எழுதுவதோடு விடாமல், கட்டிலின் பக்கவாட்டில் குனிந்து உங்கள் கண்ணால் பாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் கீழுதடு தெரியவே தெரியாது. கன்னம் உப்பலாக இருந்தால் நல்லது, ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் குழி விழுந்தால் கவ்வல் சரியில்லை. முதலில் வேகமாகச் சப்பும் குழந்தை, பால் இறங்கியதும் நிதானமாக, ஆழமாக உறிஞ்சி விழுங்கும். முகவாய் கீழே இறங்கி ஒரு கணம் நிற்பதில் அந்த மாற்றம் தெரியும். கடைசியாக, குழந்தை விட்டதும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக நீண்டிருந்தால் சரி. தட்டையாக நசுங்கியோ நுனியில் வெள்ளைக்கோடு விழுந்தோ வந்தால், குழந்தை காம்பை மட்டும் கடித்துக் குடித்திருக்கிறது. வெடிப்பும் புண்ணும் வருவது அப்படித்தான். களிம்பைத் தேடுவதற்கு முன் கவ்வலைத் திருத்துங்கள்.

இவற்றையெல்லாம் தாயின் கைகளே செய்ய வேண்டும். உங்கள் கை மார்பைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஒரு துண்டைச் சுருட்டிக் குழந்தைபோல் பிடித்து, உங்கள் மேல் வைத்துக் காட்டுங்கள்; அவர் பார்த்துச் செய்யட்டும். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை. நீங்கள் கவ்வவைத்துக் கொடுத்த குழந்தை அடுத்த முறை அழும்போது, சிஸ்டர் வந்தால்தான் குடிக்கும் என்று தாய் நினைத்துவிடுவார். தானே கவ்வவைத்தவர் இன்னொரு முறை முயன்று பார்ப்பார். காம்பு உள்வாங்கியிருக்கும் தாய்க்கு, முனை வெட்டி உள்தண்டைத் திருப்பிப் பொருத்திய 10 மி.லி. சிரிஞ்சால் காம்பை வெளியே இழுக்கும் முறையை வார்டில் கற்றிருப்பீர்கள். வெட்டிய விளிம்பு உடலில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இழுக்கும் கை தாயுடையதாகவே இருக்கட்டும். எவ்வளவு இழுத்தால் வலிக்கும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

"பால் ஊறவில்லை" என்ற மாமியாரின் பேச்சுக்கு வருவோம். இரண்டாம் நாளில் சீம்பால்தான் இருக்கும். ஒரு வேளைக்குச் சில தேக்கரண்டிகூடத் தேறாது, பார்க்க மஞ்சளாகப் பிசுபிசுவென்று இருக்கும். முதல் நாளில் குழந்தையின் இரைப்பை ஏற்பதும் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான். நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த அந்தச் சிறிதளவே அப்போதைக்கு முழு உணவு. பால் பெருகி மார்பு கனப்பது பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான். சிசேரியனில் சற்றுத் தாமதமாகலாம். இரண்டாம் இரவில் குழந்தை மணிக்கொரு முறை அழுது மார்பைத் தேடுவது மிகப் பல குழந்தைகளிடம் காணும் வழக்கம். தேடித் தேடிக் குடிப்பதால்தான் பால் பெருகும். அந்த இரவில் பவுடர் புகுந்தால் குழந்தை தூங்கிவிடும், மார்பு தூண்டப்படாமல் போகும், மறுநாள் உண்மையிலேயே பால் குறையும். மாமியார் சொன்னதுதான் நடந்தது என்று வீட்டில் எல்லோரும் நம்புவார்கள்.

இதை மாமியாரிடம் வாதமாக வைக்காதீர்கள். அவர் பிள்ளைகளை வளர்த்தவர், பேரக்குழந்தை பசியில் அழுவதைப் பொறுக்க முடியாமல் பேசுகிறார். "பாட்டி, நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் பால் கொடுத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் இரண்டு மூன்று வருடம் என்பார்கள். "அப்போது முதல் இரண்டு நாள் எப்படி இருந்தது?" என்றால் அவருக்கே ஞாபகம் வரும். பிறகு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஈரத்துணியை எண்ணுவது அவர் வேலை. முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை, மூன்றாம் நாள் மூன்று முறை சிறுநீர் போனாலே போதும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது போக வேண்டும். கருப்பாக ஒட்டும் மலம் பச்சையாகி, நாலைந்து நாளில் மஞ்சளாக வேண்டும். உள்ளே போவதை யாராலும் அளக்க முடியாது, வெளியே வருவதைப் பாட்டி எண்ணலாம். பால் போதவில்லை என்று சொன்ன அதே வாய், "இன்றைக்கு நாலு துணி நனைத்துவிட்டான்" என்று மருமகளிடம் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள்.

பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறா புட்டு என்று அவர் சமைத்துக் கொண்டுவருவதை மறுக்க வேண்டாம். தாய்க்கு அது நல்ல சாப்பாடு. பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்தால் மட்டும் மறுத்துப் பேசுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். சேனை வைப்பதாகச் சொல்லி நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது, வசம்பு உரைத்துக் கொடுப்பது ஆகியவற்றை மென்மையாக, ஆனால் உறுதியாகத் தடுக்க வேண்டும். தேனில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்தான நச்சுக்கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவரின் விரலால்தான் சேனை வைக்க வேண்டும் என்று குடும்பம் பிரியப்பட்டால், தாயிடமிருந்து பீய்ச்சிய சீம்பாலைச் சுத்தமான பாலாடையில் (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணம்) எடுத்து அந்தப் பெரியவர் கையாலேயே புகட்டலாம் என்று சொல்லிப் பாருங்கள். சடங்கும் நிற்கும், குழந்தைக்கும் கேடில்லை.

கையால் பீய்ச்சுவதை நீங்கள் அவசியம் கற்றுக்கொள்ள வேண்டும். கையைச் சுத்தமாகக் கழுவிய பின், கட்டைவிரல் மேலும் ஆட்காட்டிவிரல் கீழுமாகக் கருவளையத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கிப் பின்னுக்கு அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது. முதல் சில அமுக்கல்களில் ஒன்றும் வராது, பொறுமையாகத் தொடர்ந்தால் துளி துளியாக வரும். கவ்வத் தெரியாத குழந்தைக்கு அந்தத் துளிகளைப் பாலாடையிலோ தேக்கரண்டியிலோ புகட்டலாம். நம் பாட்டிமார் வீட்டில் வைத்திருந்த பாலாடை இன்று இந்தியாவின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அன்றாடம் பயன்படுகிறது. குழந்தை விழிப்பாக, நிமிர்ந்த வாக்கில் இருக்க வேண்டும். பாலை உதட்டோரம் சாய்த்துப் பிடித்தால் குழந்தையே உறிஞ்சிக்கொள்ளும். தொண்டையில் ஊற்றினால் புரையேறும். மார்பு கல்போல் கட்டிக்கொண்டு குழந்தையால் கவ்வ முடியாதபோதும் இந்தப் பீய்ச்சல்தான் கைகொடுக்கும். கொஞ்சம் பீய்ச்சிக் கருவளையம் இளகியதும் குழந்தையை வைக்கச் சொல்லுங்கள், கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி ஒத்தடம் போடலாம்.

பவுடர் டின் பற்றி ஒரு வார்த்தை. 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும், தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளையும் பால்புட்டிகளையும் விளம்பரம் செய்வதையும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும், மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசு தருவதையும் தடை செய்கின்றன. நிறுவனத்தின் பெயர் பொறித்த பேனாவோ காலண்டரோ உங்கள் கையில் வந்தால் வாங்காதீர்கள். அதே சமயம், மருத்துவக் காரணத்தால் பவுடர் பால் தேவைப்படும் குழந்தைகள் உண்டு. பிரசவத்தில் பெருமளவு ரத்தம் இழந்தவர்கள், மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சில ஹார்மோன் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோரில் சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் போதிய பால் சுரக்காது. மருத்துவர் முடிவெடுத்த பிறகு, அந்தத் தாயிடம் தாய்ப்பாலின் மகிமையைப் பேசிக்கொண்டிருப்பது கொடுமை. கொதித்த நீரில் அளவு பிசகாமல் கலக்கவும், கிண்ணத்தையும் பாலாடையையும் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யவும் கற்றுக்கொடுங்கள். குழந்தையை மார்போடு அணைத்து வைத்தே புகட்டச் சொல்லுங்கள். உங்கள் உதவிக்கு எல்லோரையும்விட உரிமை உள்ளவர் அவர்தான்.

எப்போது உடனே எழுந்து போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுப்பினாலும் எழாத குழந்தை, உறிஞ்சவே வலுவில்லாத குழந்தை, உடல் சில்லிட்ட குழந்தை, மூச்சு வாங்கும் குழந்தை, முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காணும் குழந்தை, ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகாத குழந்தை. இவர்கள் முன் நீங்கள் உட்கார்ந்து கவ்வலைத் திருத்திக்கொண்டிருக்கக் கூடாது. பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம், 10 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 3 கிலோ குழந்தைக்கு அது 300 கிராம். தாய்க்குக் காய்ச்சலோடு மார்பின் ஒரு பகுதி சிவந்து வலித்தாலும் சொல்லுங்கள். மருத்துவர் நிறுத்தச் சொன்னால் ஒழிய, பால் கொடுப்பதைத் தொடரலாம், தொடர்வதே நல்லது.

"கல்யாணம் ஆகிவிட்டதா" என்ற கேள்வி உங்களைச் சுட்டிருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. அது இனியும் வரும். "இல்லை பாட்டி, படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குழந்தை எப்படிக் குடிக்கிறது என்று சேர்ந்து பார்ப்போமா?" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். பிள்ளை பெற்றவர் தன் அனுபவத்தை அறிவார். நீங்கள் ஒரு பயிற்சிக் காலத்துக்குள்ளேயே பல தாய்மார்களைக் கூர்ந்து பார்த்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத வரை, வயது ஒரு குறையாகாது. பேசும்போது "நன்றாகக் குடிக்கிறதா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "ராத்திரி எப்படிப் போனது?" என்று கேளுங்கள். தாய் சொல்லத் தொடங்குவார். பத்து நிமிடம் கேட்டுவிட்டு ஒரே ஒரு யோசனை சொன்னால் அதைச் செய்துபார்ப்பார், ஒன்பது யோசனை சொன்னால் ஒன்றும் நிற்காது. அவர் சரியாகச் செய்யும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து முதலில் அதைச் சொல்லுங்கள். அழுத குழந்தையை விடாமல் நெஞ்சோடு வைத்திருந்தாரே, அதையே சொல்லலாம்.

ஷிப்ட் முடியும்போது, பார்த்ததை எழுதிவைத்து சிஸ்டரிடம் ஒப்படையுங்கள். "பால் கொடுத்தார்" என்று மட்டும் எழுத வேண்டாம். எந்த நிலையில், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், விழுங்கும் சத்தம் கேட்டதா, காம்பு எப்படி இருந்தது, எத்தனை துணி நனைந்தது என்று நாலு வரி எழுதுங்கள். நேரமில்லாத சிஸ்டருக்கு அந்த நாலு வரி பெரிய உதவி, அடுத்த ஷிப்டுக்கும் அதிலிருந்து தொடரலாம். தாய் வீடு திரும்பும் நாளில், அவர் ஊரின் கிராம சுகாதார செவிலியர் யார் என்று அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் விசாரித்து, தொலைபேசி எண்ணை டிஸ்சார்ஜ் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுங்கள். 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுக்க வேண்டும், ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை, எடை இரண்டு வாரத்துக்குள் பிறந்த அளவைத் தொட வேண்டும் என்ற மூன்றையும் பாட்டியின் காதில் விழும்படி சொல்லியனுப்புங்கள்.

உங்கள் கடிதத்தில் இருந்த அந்தத் தாய் இன்னும் வார்டில் இருந்தால், நாளைக் காலை டியூட்டிக்குப் போனதும் முதலில் அவரிடம் போங்கள். குழந்தை பசித்து அழும்வரை காத்திருக்க வேண்டாம். அது கையை வாய்க்குக் கொண்டுபோய், தலையைத் திருப்பித் தேடும் நேரத்தில் துணியை விலக்கி, தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் குப்புறக் கிடத்துங்கள். முதுகில் ஒரு போர்வை போடுங்கள், குழந்தையின் மூக்கும் வாயும் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், குழந்தை தானாக நகர்ந்து தேட இருபது நிமிடம்கூட ஆகலாம்.